மலையடிவாரப் பள்ளத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்தக் கோரி மனு

அனுப்புநர்: மலையடிவார ஊர்களின் காடு, புறம்போக்கு பாதுகாப்புக் குழுவினர்
பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்
பொருள்: காட்டை ஒட்டிய பள்ளத்துப் புறம்போக்கில் குப்பை கொட்டுவதைத் தடுத்தல் தொடர்பாக.
பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கோயில் சாலை வளைவைத் தாண்டியதும் இடப்புறம் இறங்கும் பள்ளம் தாங்கள் அறிந்த இடம்தான். யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடமும் அதுவே.

1. குப்பை லாரிகள் இரவு நேரத்தில் இப்பள்ளத்தில்தான் கொட்டுகின்றன. வேலியும் இல்லை, காவலும் இல்லை.

2. மீந்த சோற்றிலும் குழம்பிலும் உள்ள உப்புக்குப் பழகிவிட்ட யானைகள் அவற்றைக் கவரோடு சேர்த்தே விழுங்குகின்றன. சென்ற வாரம் தடத்தில் கிடந்த இலத்தியைக் கிளறிப் பார்த்தபோது, பால் பாக்கெட்டுகளும், சானிட்டரி நாப்கினும், ரப்பர் பேண்டு முடிச்சு அவிழாத சாம்பார் பார்சல் கவர் ஒன்றும் அதில் இருந்தன. வெளியே வந்தது இவ்வளவு என்றால், குடலில் தங்கியது எவ்வளவு என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றில் கருவும் இருந்தது, பிளாஸ்டிக் குப்பையும் இருந்தது. அதற்குப் பிறகும் இங்கே லாரிகள் நிற்கவில்லை, ஐயா.

3. நீர்நிலைகளில் குப்பை போடுவதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. ஆனால் எங்கள் மனுக்களுக்குக் கிடைத்த பதில், "உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரிதான். நிலம் எங்களுடையதல்ல என்கிறது ஓர் அலுவலகம். குப்பை எங்களுடையதல்ல என்கிறது இன்னொன்று. அப்படியானால் சாகிற யானைக்கு யார் பொறுப்பு? ஞாயிறுதோறும் எங்கள் இளைஞர்களும் பெண்களும் பொறுக்கிக் கட்டிவைக்கும் மூட்டைகளை அள்ளிச் செல்லக்கூட வண்டி வருவதில்லை. அன்றிரவே யானைகள் அவற்றைக் கிழித்துத் தின்கின்றன. சுத்தம் செய்கிறோம் என்று நாங்களே அவற்றுக்கு நஞ்சை மூட்டை கட்டி வைக்க வேண்டுமா, ஐயா?

4. லாரிகளை நிறுத்துங்கள்.

ஆகவே, தாங்கள் நேரில் வந்து பார்வையிட்டு, பள்ளத்துப் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நட்டு, கிடக்கும் குப்பையை வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் முழுவதுமாக அகற்ற ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். அதற்குக் காலம் பிடிக்குமெனில், லாரிகளை மட்டுமாவது இன்றிரவே தடுத்து நிறுத்துமாறு மீண்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழுவினரும் ஊர்ப் பொதுமக்களும்

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள், இலத்தியின் புகைப்படங்கள்.