மருந்தடித்த வயலும் கருவிலுள்ள ஆண் குழந்தையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சம்பா களையெடுப்பின்போது, முதல்நாள் பூச்சிமருந்து அடித்த வயலில் மறுநாளே கணுக்கால் சேற்றில் இறங்கி நிற்கும் பெண்களில் கருவுற்றவர்களும் இருப்பதை மன்னார்குடிப் பக்கத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். காலி மருந்து டப்பாவை வாய்க்காலில் அலசி வீட்டுப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

கருவுற்ற ஏறத்தாழ 8 முதல் 14 வாரங்களில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன்தான் ஆண் சிசுவின் பிறப்புறுப்பை வடிவமைக்கிறது. பல பெண்கள் முதல் பரிசோதனைக்கே போகாத காலம் அது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து சிதைந்து உண்டாகும் டி.டி.இ., அந்த ஹார்மோன் உடலில் போய் ஒட்டிச் செயல்படும் இடமான ஏற்பியை அடைத்துக்கொள்வதும், பிளாஸ்டிக்கை இளக்கும் தாலேட்டுகள் என்ற வேதிப்பொருட்கள் ஹார்மோன் சுரப்பையே குறைப்பதும் எலிகளில் நடந்த ஆய்வுகளில் தெளிவாகியுள்ளன. கேரளத்தின் காசர்கோட்டில், முந்திரித் தோட்டங்களுக்கு எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட ஊரின் சிறுவர்களிடம் பருவமடைதல் தாமதப்பட்டிருந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. உச்ச நீதிமன்றம் அம்மருந்துக்குத் தடை விதித்ததோ 2011இல்.

ஆண் குழந்தைகளின் பிறப்புறுப்பில் காணும் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் மருந்தே காரணம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு விரை விதைப்பைக்குள் இறங்காதிருந்தது, "வளர வளர இறங்கிடும்" என்ற பாட்டியின் சொல்லை நம்பியதால், ஏழு வயதில்தான் மருத்துவரிடம் போயிற்று. ஆறு மாதத்துக்குள் இறங்காவிட்டால் ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. ஆகவே, தடுப்பூசி நாளிலேயே கிராம சுகாதாரச் செவிலியர்கள் விரை இறங்கியுள்ளதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளவும், மருந்தடித்த வயலில் கருவுற்ற பெண்களை இறக்காதிருக்க வேளாண் துறை ஊர்தோறும் அறிவிக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.