பர்ஸ் யாருக்குக் கிடைக்கிறது?

சிறார் நூல்களை எழுதுகிறவர்களுக்கும் பதிப்பிக்கிறவர்களுக்கும், வணக்கம்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய ஒரு தெருவில், ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். பதினைந்து பேராவது வந்துவிடுவார்கள். போன மாதம் ஒரு புதுப் புத்தகம். ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு வழியில் பர்ஸ் கிடைக்கிறது. உள்ளே கட்டுக் கட்டாகப் பணம். உரியவரைத் தேடிப் போய்க் கொடுக்கிறான், அவர் மனம் குளிர்ந்து அவனைப் படிக்க வைக்கிறார். முடித்ததும் ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி கேட்டாள்: "ஏன்க்கா, பர்ஸ் எப்பவும் இல்லாதவங்களுக்குத்தான் கெடைக்குமா?"

அவள் அம்மா கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர். அவள் குறும்புக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இல்லாத வீட்டுப் பிள்ளை வருகிற கதைகளில் பலவற்றில், அவன் தன் நேர்மையை யாருக்காவது நிரூபித்துக்கொண்டே இருக்கிறான். கோடை விடுமுறையும் நாய்க்குட்டியும் துப்பறியும் சாகசமும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்விடுகின்றன. கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி 'நீதி' வேறு. அந்தப் பக்கம் வந்ததும் எங்கள் பிள்ளைகள் எழுந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

நம் மொழிக்குக் குழந்தையை எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பணக்கார வீட்டுப் பையன் ராமசாமி தன் சில்க் சட்டையைக் காட்டிப் பெருமை அடிக்கிறான். எதிரே நிற்பவை இல்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் கண் கலங்கி நிற்பதில்லை, விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குப் பதில் பேசுகிறார்கள். தீபாவளி நேரத்தில் உடம்பெல்லாம் புண்ணோடு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். அவன் பெயர் ராஜா. அந்த இல்லாத வீட்டுப் பிள்ளைகளின் அம்மா அவனைக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறாள். ராமசாமி வீட்டுக்கு மாப்பிள்ளையாக ஒரு 'ராஜா' வந்திருக்க, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறார் என்கிறாள் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான மங்கம்மாள். அவள் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. போட்டியில் தன் பக்கத்துக்கு ஒரு ராஜாவைச் சேர்க்கிறாள், அவ்வளவுதான். அதே ஆசிரியரின் 'அன்பளிப்பு' கதையில் சாரங்கன் என்ற சிறுவன், யாரும் தனக்குத் தராத பரிசைத் தானே உண்டாக்கிக்கொள்கிறான். ஒரு டைரியை நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அதே பெயரில் வந்த கதைத் தொகுப்புக்கு 1970இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இவையெல்லாம் பெரியவர்களுக்காக எழுதப்பட்டவை என்பதுதான் என் மனக்குறை. பொறாமை, ஏக்கம், வீம்பு என்று முழுசாக இருக்கிற குழந்தையைப் பெரியவர்களுக்குக் காட்டுகிறோம். குழந்தைகளுக்கு மட்டும் ஏன் துடைத்துவைத்த பொம்மையைக் கொடுக்கிறோம்?

சின்னக் குழந்தைகளுக்கு எழுதும்போது நீதி சொல்வதைத் தவிர வேறு வழியில்லை என்பீர்கள். அழ. வள்ளியப்பாவின் லட்டுப் பாட்டில் கிட்டுவும் பட்டுவும் ஆளுக்கு நான்காக எட்டு லட்டையும் தின்று தீர்க்கிறார்கள். மிச்சம் காலித் தட்டு. பல் கெட்டுவிடும் என்று யாரும் அங்கே வந்து நிற்பதில்லை. கணக்கு தானாக வந்துவிடுகிறது. இன்றைக்கும் எங்கள் தெருவில் மூன்று வயசுக் குழந்தை அதைக் கைதட்டிச் சொல்கிறது.

மாற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாலியல் சீண்டலைக் குழந்தையின் பக்கம் நின்று பேசிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. கஷ்டமான விஷயத்தையும் பிள்ளைகளிடம் பேசலாம் என்பதற்கு அது ஒன்றே போதும்.

இன்னொன்று. உங்கள் கதைகளில் வருகிற மாந்தோப்பும் ஊர்க் குளமும் உங்கள் பால்யம். அதை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் முன்னால் உட்காருகிற பிள்ளைக்கு வீடு என்பது லைன் வீட்டில் ஓர் அறை. அம்மா நைட் ஷிப்ட் போனால் தம்பிக்குச் சோறு ஊட்டித் தூங்க வைப்பது அவள்தான். அப்புறம் மொட்டை மாடியில் அவளுக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது, ஒரு பொய் இருக்கிறது, யாரிடமும் சொல்லாத ஒரு பயம் இருக்கிறது. அந்த மொட்டை மாடிக்கு இதுவரை எத்தனை கதைகள் ஏறி வந்திருக்கின்றன?

ஒரு வேண்டுகோள். அடுத்த கதையை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் ஊரில் இப்படி ஒரு பாயில் போய் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் வெளியே பார்க்கிறார்கள் என்று கவனித்து, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெண் கேட்டது மாதிரி யாராவது கேட்டால், அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
ஞாயிறுகளில் கதை வாசிக்கும் ஓர் அக்கா