கொல்லைப்புறத்துச் சட்டி

அன்புள்ள மணி,

போன வாரம் போனில் பேசும்போது சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். மறுபடியும் மீன் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

2012 தைப்பூசத்தில் வடலூரில் ஏழு திரை விலகி ஜோதி பார்த்துவிட்டு, தருமசாலைப் பந்தியில் உட்கார்ந்து இனி மீன், கறி வேண்டாம் என்று இரண்டு பேரும் எடுத்த முடிவு. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. நான் பன்னிரண்டு வருடம்தான் தாக்குப்பிடித்தேன்.

எனக்குக் கால் மரத்துப்போனது உனக்குத் தெரியும். சர்க்கரை என்று பயந்தேன். ரத்தம் பார்த்தால் பி12 வைட்டமின் அதலபாதாளத்தில். செடி கொடியில் அது கிடையாது. பால், தயிரில் உண்டு, எனக்கு இரண்டும் ஆகாதே. ஈரலில் உள்ள இருப்பு தீர வருடக்கணக்காகும் என்பதால் இத்தனை நாள் கழித்துக் காட்டிக்கொடுத்திருக்கிறது. ஊரில் எல்லோரிடமும், "டாக்டர் மீன் சாப்பிடச் சொல்லிவிட்டார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் அந்தப் பொய் வேண்டாம். அவர் சொன்னது ஊசி, அப்புறம் மாத்திரை. அதிலேயே கால் சரியாகிவிட்டது.

நடந்தது வேறு. இத்தனை வருடமும் உன் தங்கச்சி மீனைக் கொல்லைப்புறத்து அடுப்பில், தனிச் சட்டியில்தான் வைப்பாள். ஐப்பசியில் ஒரு ஞாயிறு, விடாத மழை. உள்ளே சமைக்க வேண்டியதாயிற்று. நெத்திலியைத் தலை கிள்ளி, குடலை உருவி, மஞ்சள் போட்டு அலசினாள். நான் பக்கத்திலேயே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குழம்பு கொதி வந்ததும் அம்மா இருந்த வீட்டு வாசனை. "எனக்கும் ரெண்டு வை" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை, மூன்று வைத்தாள். முதல் வாய் தொண்டையிலேயே நின்றது. அடுத்தது இறங்கிவிட்டது. வயிறு ஏற்காது என்று பயமுறுத்துவார்களே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டுக்கறி மட்டும் இன்னும் முடியவில்லை. கடையில் தொங்குவதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மீனுக்கு உயிர் இல்லையா என்று கேட்பாய். பதில் இல்லை. நானா கொல்கிறேன், வாங்கத்தானே செய்கிறேன் என்று தப்பிக்கலாமென்றால், தின்பவன் இல்லாவிட்டால் விற்பவனும் இல்லை என்று வள்ளுவர் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்.

அந்தச் சட்டி இப்போது மற்ற பாத்திரங்களோடு உள்ளேயே இருக்கிறது.

தைப்பூசம் நெருங்குகிறது. தருமசாலை அரிசிக்கு என் பங்கை வழக்கம்போல அனுப்பிவிடுகிறேன். நானும் உன்னோடு வரட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு.

அன்புடன்,
செல்வம்