ஆச்சிமாரின் கதைகள் அவர்களின் பேச்சிலேயே பதிவாகட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கரிசல் மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பற்றித் தங்கள் வாரவெளியீட்டில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். அவருடைய நாவல்களைப் பற்றியும் 1991இல் கிடைத்த சாகித்திய அக்காதமி விருதைப் பற்றியும் விரிவாக எழுதிய கட்டுரையாளர், நாட்டார் கதைகளைச் சேகரிப்பதற்காக அவர் உழைத்த ஆண்டுகளை இரண்டு வரிகளில் முடித்துவிட்டது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள இடைசெவலில் 1923இல் பிறந்து, பள்ளிப் படிப்பையும் முடிக்காமல் கமஞ்செய்து வாழ்ந்த ஒருவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்ததென்றால், அவர் செவிவழியாகத் தேடிய கல்வியின் பெறுமதியை அது உணர்ந்திருந்தது என்பதே பொருள். வயதுவந்தோர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் கதைகளைக்கூட அவர் ஒதுக்கவில்லை. எல்லாவற்றிலும் மேலாக, கதை சொல்பவரின் பேச்சை அவர் திருத்தவில்லை. அந்தக் கரிசல் வட்டாரப் பேச்சுக்கென ஓர் அகராதியையே தொகுத்தார்.

இதை நினைக்கையில் என் மனம் உறுத்தியது. பல ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் ஆச்சி பெட்டி இழைத்தபடி சொன்ன நரிக்கதையொன்றை, 'ஒரு ஊரிலை' என்று தொடங்கி ஆச்சியின் பேச்சிலேயே எழுதி வந்தாள். நான் அதைச் சிவப்பு மையால் வரிக்கு வரி செந்தமிழாக்கிக் கொடுத்தேன். அவள் மறுபடி எழுதி வந்தபோது பிழை ஒன்றும் இருக்கவில்லை; ஆச்சியின் குரலும் இருக்கவில்லை. பேச்சுமொழி இலக்கியத்துக்கு ஆகுமா என்று 1960களில் இங்கு ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டத்தைப் படித்தறிந்திருந்தும் நான் அப்படிச் செய்தேன் என்பது இன்றும் வருத்துகிறது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அழிந்த நூல்களைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் 1995 ஒக்ரோபரில் போரினால் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தவர்களுள் முதியோர் எத்தனை பேர் தங்கள் கதைகளைச் சொல்லாமலே கண்மூடினார்கள் என்பதை எந்தப் பட்டியலிலும் காணமுடியாது. அன்றைய நடுவயதினரே இன்றைய ஆச்சிமாரும் அப்புமாரும்.

ஆகவே, வடமராட்சி, தென்மராட்சி, வலிகாமம், தீவகம் ஆகிய பகுதிகளில் வழங்கும் கதைகளை, சொல்பவரின் பெயரும் ஊரும் குறித்து, அவர் சொன்னபடியே வெளியிடுவதற்குத் தங்கள் வாரவெளியீட்டில் ஒரு பக்கம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். மாணவர்கள் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து, பின்னர் எழுத்தில் பெயர்க்கலாம். அந்த ஒலிப்பதிவுகளை எண்ணிம நூலகமொன்றில் சேர்ப்பித்தால் குரலும் நிலைக்கும். தமிழாசிரியர்கள் அந்தப் பிரதிகளில் எழுத்துப் பிழையை மாத்திரம் திருத்தவேண்டும். முதற்கட்டமாக, எங்கள் அயலில் மூன்று முதியவர்களிடம் கேட்டு எழுதிய கதைகளை இக்கடிதத்துடன் அனுப்பியுள்ளேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.