செயலாளரின் ஆண்டறிக்கை: மலிவான கருவியில் எழுத்துச் செய்தி

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், நமது ஹாம் வானொலிச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நடந்த பயிற்சியில் ஒரு பெயர்ப்பட்டியலைக் குரல்வழியே மூன்று கை மாற்றியது நினைவிருக்கும். போய்ச் சேர்ந்தபோது இரண்டு பெயர்களும் ஒரு தொலைபேசி எண்ணும் மாறியிருந்தன. அதன் பிறகுதான், புதிதாக எதையும் வாங்காமல் அவரவரிடம் இருக்கும் மலிவான கையடக்க வானொலிக் கருவியை வைத்தே எழுத்துச் செய்தி அனுப்பிப் பழகுவது என்று பொதுக்குழுவில் தீர்மானித்தோம். இந்த ஆண்டின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. மாதக் கூட்டங்களும், வானலையில் கூடிப் பேசும் வாராந்திர நெட்டும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

முதலில், குறுஞ்செய்திகளை வானொலிவழி அனுப்பும் ஏ.பி.ஆர்.எஸ். முறையை எடுத்துக்கொண்டோம். பாப் புருனிங்கா உருவாக்கிய இந்த முறையில் எழுத்துகள் 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக மாறிப் போகின்றன. பேச்சை அனுப்பும் எந்தக் கருவியும் இந்த ஒலியை அனுப்பும். முன்பு இதற்கென்று தனி மோடம் பெட்டி தேவைப்பட்டது. இப்போது பழைய கணினியின் சவுண்ட் கார்டும் டயர்வுல்ஃப் என்ற இலவச மென்பொருளும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ஒரு செய்திக்கு 67 எழுத்துதான் இடம். ஆனால் செய்தியைச் சுமந்து வரும் பாக்கெட்டில், அதாவது தரவுத் தொகுப்பில், பிழை இருந்தால் பெறும் நிலையம் அதை ஏற்காது. சரியாக வந்தால் தானாகவே ஒப்புகை அனுப்பும். நமக்கு வேண்டியிருந்தது இந்த உறுதிதான்.

தொடக்கத்தில் பாக்கெட்டுகள் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை. கருவி மலிவு என்பதால்தான் இப்படி என்று சிலர் மனம் தளர்ந்தார்கள். காரணம் அது இல்லை. கணினியின் ஒலி வெளியீடு மைக் நுழைவுக்கு மிக அதிகம். மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கில்தான். இரண்டு மின்தடைகளை வைத்து அதைக் குறைத்ததும் ஒலி சிதைவது நின்றது. அடுத்தது வாக்ஸ், அதாவது பொத்தானை அழுத்தாமல் ஒலியாலேயே கருவியை இயக்கும் வசதி. ஒலியைக் கேட்ட பிறகே அது கருவியை அனுப்பும் நிலைக்கு மாற்றுவதால், பாக்கெட்டின் தலைப்பகுதி வெட்டுப்பட்டுப் போயிற்று. செய்தி தொடங்குமுன் விடும் முன்தாமதத்தைக் கூட்டியபின் சரியாயிற்று. கடைசியாகச் சிக்கியது பேட்டரி சேமிப்பு அமைப்பு. அது இயங்கும்போது ரிசீவர் விட்டுவிட்டு உறங்கும். அந்நேரம் வரும் பாக்கெட்டின் தொடக்கம் தவறிவிடும். இதைக் கண்டுபிடித்தவர் நம் உறுப்பினர்களில் மிக இளையவர். ஒவ்வொரு அமைப்பையும் மாற்றி மாற்றி, நோட்டில் குறித்துக்கொண்டே வந்து பிடித்தார். இந்த ஆண்டு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது அந்த நோட்டு.

அப்புறம் ராட்டில்கிராம் என்ற கைபேசிச் செயலி. இதுவும் எழுத்தை ஒலியாக மாற்றுவது. கம்பியே வேண்டாம். கைபேசியைக் கருவியின் மைக் அருகில் பிடித்து, பேசும்போது அழுத்தும் பி.டி.டி. பொத்தானை அழுத்தினால் போதும், ஏறத்தாழ ஒரு நொடியில் செய்தி போய்விடும். எதிர்முனையில் உள்ளவர் தன் கைபேசியை ஸ்பீக்கர் அருகில் வைத்துப் படிப்பார். யூனிகோடு எழுத்துகளைக் கையாள்வதால் தமிழிலேயே அனுப்பலாம். தமிழ் எழுத்துகள் முதன்முதலில் கைக்கருவி வழியே வந்து திரையில் தெரிந்தபோது கூட்ட அறையே கைதட்டியது. ஆனால் இடம் குறைவு, மொத்தம் 170 பைட்தான். புள்ளியும் துணைக்குறியும்கூடத் தனித்தனியே மூன்று பைட் பிடிக்கும் என்பதால் ‘தண்ணீர்’ என்ற ஒரே சொல்லுக்கு 21 பைட் போய்விடுகிறது. அந்த நீளத்தில் ஏழு சொல் எழுதலாம். ஆகவே சொல்லைச் சுருக்கி எழுதத் தனிப் பயிற்சி வைத்தோம். அது இன்னும் போதாது என்பது என் கருத்து.

குறுஅலையில், மிகச் சிறிய செய்திகளைக் கணினிவழி மாற்றிக்கொள்ளும் எஃப்.டி.8 முறையைச் சிலர் முயன்றார்கள். 15 நொடிக்கு ஒருமுறை, விருப்பப்படி எழுதினால் 13 எழுத்து. தொடர்பு கிடைக்கிறதா என்று பார்க்க அருமையானது. சேதி சொல்ல அது வழியல்ல. அதற்கு, எஃப்.டி.8-ஐ அடிப்படையாகக் கொண்டு நீண்ட சேதிக்கென அமைந்த ஜே.எஸ்.8 பொருத்தம் என்பதால் வரும் ஆண்டில் அதைப் பழகலாம். இந்த முறைகளில் அனுப்பும் நேரம் முழுவதும் கருவி இடைவிடாமல் ஆற்றலை வெளியிடுகிறது. எனவே அனுப்பும் திறனை முழு அளவில் பாதியைவிடக் குறைவாக வையுங்கள். ஓர் உறுப்பினரின் கருவி சூடேறிப் பழுதானது நம் எல்லோருக்கும் வருத்தம்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உரிமம் உள்ளவர் மட்டுமே அனுப்ப வேண்டும். உரிமத்தோடு தரப்படும் அடையாளமான அழைப்புக்குறி இல்லாமல் எந்தச் செய்தியும் போகக் கூடாது. பொருளை மறைக்கும் குறியாக்கத்துக்கு அமெச்சூர் வானொலியில் இடமில்லை. நாம் அனுப்புவதை யாரும் படிக்கலாம் என்பதால், ஒருவரின் நோய் விவரத்தைப் பெயரோடு சேர்த்து அனுப்பாதீர்கள். பயிற்சியில் இரண்டு முறை அப்படி நடந்தது. மாதிரிப் பெயர்தான் என்றாலும் பழக்கம் அப்படியே தங்கிவிடும்.

ஆண்டின் இறுதிப் பயிற்சியில் அதே நீளமுள்ள பெயர்ப்பட்டியலை, அதே மூன்று கை மாற்றி, எழுத்தாக அனுப்பினோம். ஒரு பெயரும் மாறவில்லை. நேரம் மட்டும் குரலைவிடக் கூடுதலாக ஆயிற்று.

பழைய கணினிகளைத் தந்தவர்களுக்கும், வார இறுதிகளில் சாலிடரிங் சொல்லிக்கொடுத்த மூத்த உறுப்பினர்களுக்கும் நன்றி. மின்தடை இணைப்புக் கம்பி இன்னும் கிடைக்காத உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்