செட்டிநாட்டு வீடுகளின் பங்காளிகளுக்கு: பேரேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

ஒன்பது நகரக் கோயில்களைச் சேர்ந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பத்துப் பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் இளைய பங்காளிகளுக்கும் வணக்கம்.

நான் உங்கள் சமூகத்தில் பிறந்தவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். சென்ற ஆண்டு காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். தேக்கு நிலைகளுக்கும் எனாமல் தூக்குகளுக்கும் பின்னால், சுவரோரமாக இரண்டு சாக்குகள் கிடந்தன. உள்ளே கெட்டி அட்டை போட்ட கணக்கு ஏடுகள். ஒரு வளவு வீட்டைப் பிரித்தபோது கதவுகளோடு சேர்ந்து வந்தவையாம். ஒன்றை விரித்தேன். ஆண்டும் மாதமும் தமிழில், தொகை முழுவதும் பழைய தமிழ் எண்ணில், வரவும் பற்றும் எதிரெதிரே. மேலே ஒரு விலாசம் (குடும்பத் தொழிலின் பெயர்க்குறி), அதன் கீழே ‘ரங்கூன் கடை’. கையில் இருந்த பணத்துக்கு மூன்று ஏடுகள் வாங்கினேன். மறுவாரம் மீதியை வாங்கப் போனபோது சாக்குகள் இல்லை. எடைக்குப் போய்விட்டன என்றார் கடைக்காரர். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் கைக்கு வருவதற்கு முன்பே அந்த வீட்டார் அவற்றைக் குப்பை என்று முடிவு செய்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து இந்த மடலை மனத்துக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவு என இரண்டு இடத்தில் பதியும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பசியோலி, இடம் வெனிஸ், ஆண்டு 1494. ‘கணக்குப்பதிவியலின் தந்தை’ என்று அவரைச் சொல்வது வழக்கம். அவரோ அதைத் தாம் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே கையாண்ட முறையைத்தான் எழுதிவைத்தார். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1299–1300இல், பிரான்சின் தெற்கே சலோன் என்ற ஊரில் கடை வைத்திருந்த ஃபுளோரன்ஸ் வணிகர்களின் பேரேட்டில் இரட்டைப் பதிவு முழுமையாக இருக்கிறது. அந்தப் பேரேட்டின் ஒரு பகுதி தப்பிப் பிழைத்ததால்தான் இது உலகுக்குத் தெரிந்தது.

இன்னும் பழையது ஒன்று உண்டு. ஃபுளோரன்ஸ் வட்டிக்கடைக்காரர்கள் 1211இல் எழுதிய கணக்கில் மிஞ்சியவை இரண்டே தோல் ஏடுகள். வேறொரு நூலைக் கட்டும்போது யாரோ அவற்றைக் கட்டுத்தாளாக வைத்துத் தைத்துவிட்டதால் பிழைத்தன. இன்று கணக்கியல் வரலாறு எழுதுகிறவர்கள் மட்டுமல்ல, இத்தாலிய மொழி வரலாறு எழுதுகிறவர்களும் அந்த இரண்டு ஏடுகளைத் தேடிப் போகிறார்கள். அந்நகரத்துப் பேச்சுமொழியில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆவணம் அதுதான். பிராத்தோ நகரத்து வணிகர் ஃபிரான்செஸ்கோ தாத்தீனி 1410இல் இறந்தார். அவர் வீட்டில் அடைந்து கிடந்த தாள்கள் 1870இல் வெளிப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கடிதங்கள், ஐந்நூறுக்கு மேற்பட்ட கணக்கு ஏடுகள். ஐரோப்பிய வணிக வரலாற்றில் பாதியை அந்த ஒரு வீடு எழுதிக் கொடுத்தது என்றே சொல்வேன்.

நம் பக்கம் என்ன நடந்தது? 1986இல் லால் நிகம் என்ற அறிஞர், இந்திய வணிகர்களின் மரபுக் கணக்கு முறையான பஹி–கட்டா பசியோலிக்கும் முற்பட்ட இரட்டைப் பதிவு என்று ஆய்விதழ் ஒன்றில் எழுதினார். அடுத்த ஆண்டே அதே இதழில் கிறிஸ்டோபர் நோப்ஸ் மறுத்தார். அவர் கேட்டது சான்று. அதை நான் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வரலாறு எழுதுகிறவர் ஏட்டைக் காட்டச் சொல்லத்தான் செய்வார். காட்டுவதற்கு நம்மிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

உங்கள் வீட்டுப் பேரேடுகள் அந்த வழக்கைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அவற்றில் பெரும்பாலானவை 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. ஆனால் ஒரு தமிழ் வணிகச் சமூகம் கடல் கடந்து பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சைகோனிலும் கொடுக்கல் வாங்கல் நடத்தி, அவ்வளவையும் தமிழிலேயே கணக்கு வைத்து, ஆண்டு முடிவில் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்துச் சரிபார்த்தது எப்படி என்பதை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. 1929–30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு எண்ணியபோது அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் அளவில் இருக்கும் என்று அக்குழு மதிப்பிட்டது. இன்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டுவது அந்த அரசாங்க அறிக்கையைத்தான். கேட்டு எழுதியவர்களின் வார்த்தை நூலகத்தில் இருக்கிறது. கணக்கு எழுதியவர்களின் வார்த்தை உங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது.

நான் வாங்கிய மூன்று ஏடுகளைப் படிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. பழைய தமிழ்ப் பின்னங்களான காணியும் முந்திரியும் வாய்ப்பாடாக இளமையிலேயே எனக்கு வந்ததில்லை. ௷ என்றால் வரவு, ௶ என்றால் பற்று, ௸ என்றால் மேற்படி என்று ஒவ்வொரு குறியாகப் பழகினேன். இந்தக் குறிகள் எல்லாம் இன்று கணினி எழுத்துருவில் இருக்கின்றன. 2019இல் முந்திரி போன்ற பின்னக் குறிகள் உட்பட 51 பழைய தமிழ்க் குறிகளையும் ஒருங்குறியில் (யூனிகோட்) சேர்த்துவிட்டார்கள். எழுத்தைக் காப்பாற்றிவிட்டு ஏட்டைத் தாள் ஆலைக்கு அனுப்புகிறோம்.

அந்த ஏடுகளில் நான் கண்டவற்றில் ஒன்று: மகமை. கோயிலுக்கும் தருமத்துக்கும் எடுத்துவைக்கும் பணம், கடன் கொடுத்த வேறொருவர் போலவே, தனிப் பெயரில் ஒரு கணக்காக ஓடுகிறது. அதற்கும் வட்டி ஏறுகிறது. கடவுளுக்குக் கொடுக்க வேண்டியதையும் பாக்கியாகப் பதிந்த அந்தக் கை யாருடையது என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்த ஒருவராக இருக்கலாம். நடப்பு வட்டி மாதத்துக்கு மாதம் எப்படி ஏறி இறங்கியது, உண்டியல் (பணம் மாற்றும் சீட்டு) எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனது, சம்பளச்சீட்டில் ஒருவருக்கு எவ்வளவு என்றெல்லாம் ஆய்வாளர் கேட்கும் கேள்விகளுக்கு அந்த மனிதர்தான் பதில் எழுதி வைத்திருக்கிறார்.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. குடும்பக் கணக்கு வெளியே போனால் பழைய பங்குச் சண்டை கிளம்புமோ என்ற அச்சம் ஒன்று. இன்னொன்றை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசம் இருந்த விளைநிலம் 1930இல் 6 விழுக்காடு, 1938இல் 25 விழுக்காடு. நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், ஈடாக வந்த நிலம் அது. கொடுத்தவர்கள் பார்வையில் அது முடங்கிப்போன முதல். இழந்த பர்மிய உழவர் பார்வையில் அது பாட்டன் பூட்டன் மண். பேரேடு திறந்தால் இரண்டும் வெளியே வரும். வரட்டும் என்றுதான் வேண்டுகிறேன். ‘ஈவிரக்கம் இல்லாத வட்டிக்காரர்’ என்ற ஒற்றைச் சித்திரத்தை ஒரு நூற்றாண்டாகச் சுமந்துவருகிறீர்கள். அதை மறுப்பதற்கோ, திருத்துவதற்கோ, சில இடங்களில் ஒப்புக்கொள்வதற்கோ உங்களிடம் இருக்கும் நேர்மையான சாட்சி அந்த ஏடுதான். 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது காட்டு வழியே நடந்தே ஊர் திரும்பியவர்கள் கணக்கு மூட்டைகளைச் சுமந்து வந்திருக்க முடியாது. அதனால் அங்கிருந்து முன்பே ஊருக்கு வந்து சேர்ந்த ஏடுகளுக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

கோட்டையூரில் உங்களில் ஒருவர், ரோஜா முத்தையா, மற்றவர்கள் எறிந்த அச்சுத் தாள்களையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் மறைந்தபின் 1994இல் அதுவே சென்னையில் ஆய்வு நூலகமாக ஆயிற்று. அப்படி ஒருவரைத் தந்த ஊர்களிடம்தான் கேட்கிறேன்.

வீட்டை விற்பதும் பிரிப்பதும் உங்கள் உரிமை. அதற்கு முன் கணக்கு ஏடுகளை மட்டும் தனியே எடுத்துவையுங்கள். கட்டுகளைப் பிரிக்காதீர்கள். ஒன்றன் மேல் ஒன்று இருந்த வரிசையும் ஆய்வாளருக்குச் செய்திதான். சிட்டை (அன்றாடக் கணக்கு), ஐந்தொகை, சம்பளச்சீட்டு எதையும் பேரேட்டிலிருந்து பிரித்துப் போடாதீர்கள். எந்த விலாசம், எந்த ஊர்க் கடை என்று தெரிந்தவரை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேலே வையுங்கள். மூல ஏடு உங்களிடமே இருக்கட்டும், படம் எடுக்க மட்டும் நூலகங்களை அனுமதியுங்கள். சில பெயர்கள் இன்னும் சில ஆண்டுகள் வெளிவர வேண்டாம் என்றால் அதையும் எழுத்தில் நிபந்தனையாக வையுங்கள். ஒவ்வொரு நகரக் கோயிலின் காரியக்காரர்களும் தங்கள் புள்ளிகளுக்கு (உறுப்பினர் குடும்பங்களுக்கு) இதை ஒரு வரியில் சுற்றறிக்கையாக அனுப்பினால் போதும், நூற்றுக்கணக்கான பெட்டிகள் பிழைக்கும். பழைய எண்ணையும் கையெழுத்தையும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அருகில் உட்காரவைத்துக்கொண்டு ஏடுகளை விரித்துப் படியுங்கள். என் ஏடுகளில் நான் எட்டு மாதம் தடுமாறியதை அவர்கள் ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடுவார்கள்.

பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வந்து வீட்டைத் திறப்பீர்கள். உங்கள் ஐயா கணக்குப் பெட்டி வைத்திருந்த அந்த அறையின் சாவியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பதிவியல் ஆசிரியர் ஒருவர்,
சிவகங்கை மாவட்டம்