அந்த 250 ரூபா

மச்சான்,

சுகமா இருக்கிறியா? இஞ்ச திருகோணமலையில எல்லாரும் சுகம், கச்சான் காத்து அடிக்குது, பகல்ல வெக்கை தாங்கேலாது.

நீ டொரொண்டோவில பழைய பெட்டி கிளறேக்க கிடைச்சதெண்டு வாட்ஸ்அப்பில அனுப்பின என்ர கடிதத்த மூண்டுதரம் பாத்திட்டன். கையெழுத்து என்ரதான், ஒப்பமும் என்ரதான், 1986ல உன்னட்ட 250 ரூபா வாங்கி மாசக் கடைசிக்குள்ள தாறன் எண்டு எழுதிக்கிடக்கு, ஆனா சத்தியமா ஒரு துளியும் ஞாபகமில்லடா.

உடன ஒரு கள்ள யோசனை வந்துது. ஜோன் லொக் எண்ட இங்கிலாந்துக்காரர் 1694லயே எழுதிப்போட்டார், ஒருத்தன அதே ஆள் எண்டு ஆக்கிறது உடம்பில்ல, முந்திச் செஞ்சத என்ர எண்டு உணருற அந்த நினைப்புத்தான் எண்டு. அப்ப காசு வாங்கினவன் வேற ஒரு பொடியன், அவனத் தேடிப்பிடி எண்டு உனக்கு எழுத இருந்தன்.

ஆனா தோமஸ் ரீட் எண்ட ஸ்கொட்லாந்துக்காரர் 1785ல ஒரு கதையால மடக்கிப்போட்டார். பழத்தோட்டத்தில களவெடுத்து அடி வாங்கின பொடியன் வளந்து சண்டையில எதிரியின்ர கொடியப் பறிக்கிறான், பிறகு ஜெனரலாகிறான். கொடி பறிக்கேக்க அடி ஞாபகமிருந்துது, ஜெனரலுக்குக் கொடி ஞாபகம், அடி சுத்தமா மறந்துபோச்சு. லொக் சொல்றபடி பாத்தா ஜெனரல்தான் கொடி பறிச்சவன், கொடி பறிச்சவன்தான் அந்தப் பொடியன், அப்ப ஜெனரல் அந்தப் பொடியன்தான், ஆனா அடி ஞாபகமில்லாததால அவனில்லாதவனும்தான். என்ர கதையும் அதுதானடா, கலியாணத்துக்கு முதல்நாள் ராத்திரி டச்சு பே மணல்ல இருந்து சிரிச்சது, மானொண்டு வந்து எங்கட சாப்பாட்டுப் பார்சல் பேப்பரத் திண்டது எல்லாம் படம்போல கிடக்கு, ஆனா அண்டைக்கு நானேதான் அந்தக் கடனப் பற்றிக் கதைச்சனாம் எண்டு நீ வொய்ஸ் மெசேஜில சொல்றாய்.

புத்த சமயத்தாக்கள் நான் எண்டு ஒண்டுமேயில்ல எண்டவங்கள்தானே, அங்கயாவது தப்பலாமெண்டு பாத்தன். சரிவரேல்ல. மிலிந்த ராசாவுக்கு நாகசேனர் எண்ட பிக்கு சொன்ன மாங்காய்க் கள்ளன்ர கதையக் கேள், நீ நட்ட மாங்கொட்டை வேற, நான் பிடுங்கின மாங்காய் வேற எண்டு அவன் வாதாடினாலும் தண்டனை தண்டனைதானாம், அதிலயிருந்துதானே இது வந்தது. எங்கட கோணேசர் கோயிலும் அப்பிடித்தான், போத்துக்கேயர் இடிச்சு அந்தக் கல்லில 1624ல கோட்டை கட்டினாங்கள், திரும்பக் கட்டிக் கும்பாபிசேகம் செஞ்சது 1963ல, எண்டாலும் இது வேற கோயில் எண்டு ஆரும் சொல்லி நான் கேள்விப்படேல்ல.

சரி, தாறன். 86ல இருந்து வட்டி கேட்டியெண்டா திரும்ப லொக்கிட்டப் போயிருவன்.

ஒண்டு மட்டும் சொல்லு. காசு எதுக்கு எண்டு கடிதத்தில இல்ல. அந்தப் பொடியன் எதுக்கு அவ்வளவு அந்தரப்பட்டவன் எண்டு ரெண்டு நாளா யோசிக்கிறன், நித்திரையும் வருதில்ல, உனக்கு ஞாபகமிருந்தா எழுது.

உன்ர பழைய கடன்காரன்